ஆற்றை நகர்த்திய ஊர்



ஐரோப்பா என்றதும் லண்டன், பாரிஸ், ரோம் என்று மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். சுற்றுலா விளம்பரங்களும் அப்படித்தான். பத்து நாளில் ஏழு நாடு என்பார்கள். பேருந்தைவிட்டு இறங்கு, படம் எடு, மறுபடியும் ஏறு என்று பயணம் ஓடிவிடும். வீடு திரும்பிய பிறகு படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தக் கோபுரம் எந்த ஊரில் இருந்தது என்று வீட்டாரே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அதிகாலையில் பெரட்டுக்கு எழுந்து பால் வெட்டியும், வெயிலில் செம்பனைக் குலை அறுத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர் நம்மிடையே எத்தனையோ பேர். அந்தப் பிள்ளைகள் இன்று தலையெடுத்து, "அம்மா, அப்பா, ஒருமுறையாவது வெளியூர் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் காலம் வந்திருக்கிறது. அது மகிழ்ச்சியான செய்திதான். ஆனாலும் அந்தப் பணம் எளிதில் வந்த பணமன்று. ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒரே தடவை எடுத்து வைக்கும் அடியாகவும் அது இருக்கலாம். அதை ஏழு ஊரில் இறைப்பதா, ஒரே ஊரில் ஆற அமரச் செலவிடுவதா என்று யோசிப்பது நல்லது.

ஒரே ஊர், நான்கு நாள் போதும் என்பது இக்கட்டுரையின் யோசனை. அந்த ஊர் ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் வலென்சியா.

ஏன் வலென்சியா?

மட்ரிட், பார்சலோனா ஆகிய இரண்டுக்கும் அடுத்து ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம் இது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் வாழ்கிறார்கள். கி.மு. 138இல் ரோமானியர் நிறுவிய ஊர். பிறகு அரபு இசுலாமியர் ஆட்சி பல நூற்றாண்டுகள் நடந்தது. 1238இல் அரகோன் மன்னர் முதலாம் ஹைமே ஊரைக் கைப்பற்றினார்.

இப்படிப் பழம்பெருமை பேசும் ஊர்கள் ஐரோப்பாவில் ஏராளம். வலென்சியாவை நாம் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் வேறு. இது நெல்லும் ஆரஞ்சும் விளைவிக்கும் உழைப்பாளிகளின் ஊர். ஊரைச் சுற்றி வாய்க்கால் பாய்ச்சலில் காய்கறித் தோட்டங்கள். தெற்கே ஒரு பெரிய ஏரியும் அதைச் சூழ்ந்து நெல்வயல்களும். கிழக்கே மீனவர் குடியிருப்பு. இங்கே பார்க்கத் தகுந்தவற்றில் பாதி மன்னர்கள் கட்டியவை அல்ல. பாட்டாளி மக்கள் ஒன்றுகூடிக் காத்து வைத்தவை.

இன்னொரு வசதியும் உண்டு. ஊர் சமதரையானது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள்கூட மேடு ஏறாமல் நடந்து பார்க்கலாம்.

எப்போது போவது?

ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்ல பருவம். ஏப்ரலில் ஆரஞ்சு மரங்கள் பூத்துத் தோப்புப்பக்கம் முழுவதும் மணக்கும். ஆகஸ்டில் வெயில் கடுமை. விடுமுறைக் கூட்டமும் அதிகம். செப்டம்பரில் நெல் அறுவடையைப் பார்க்கலாம். ஆனால் அதையொட்டி வரும் இலையுதிர் காலத்தில் சில நாட்கள் பேய்மழை கொட்டும். அதைப்பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மார்ச் மாதத்தில் 'ஃபாயாஸ்' என்ற திருவிழா நடக்கிறது. தெருவுக்குத் தெரு மாடி உயரத்துக்குப் பொம்மைகள் செய்து நிறுத்துவார்கள். அரசியல்வாதிகளையும் ஊர்ப் பெரிய மனிதர்களையும் கேலி செய்யும் பொம்மைகள் அவை. மாதத் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் பகல் இரண்டு மணிக்கு நகரமன்றச் சதுக்கத்தில் வெடி அதிரும். மார்ச் 19ஆம் தேதி இரவில் பொம்மைகள் அனைத்தையும் கொளுத்திவிடுவார்கள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பொம்மை மட்டும் நெருப்புக்குத் தப்பும். நம் போகிப் பண்டிகை நினைவுக்கு வராமல் போகாது. ஆனால் அந்த நாட்களில் தங்குமிடம் கிடைப்பது கடினம், வாடகையும் ஏறிவிடும். வெடிச்சத்தம் ஒவ்வாத முதியவர்களை அப்போது அழைத்துச் செல்ல வேண்டாம்.

பயணத்திற்கு முன்

மலேசியக் கடப்பிதழோ சிங்கப்பூர்க் கடப்பிதழோ உள்ளவர்கள் ஸ்பெயினுக்குக் குறுகிய காலப் பயணம் போக விசா எடுக்கத் தேவையில்லை. 180 நாளில் மொத்தம் 90 நாள் வரை தங்கலாம். வேறு நாட்டுக் கடப்பிதழ் உள்ளவர்கள் தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவைவிட்டுப் புறப்படும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். இணையத்தில் முன் அனுமதி பெறும் முறை ஒன்றும் திட்டத்தில் இருப்பதால், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வலென்சியாவுக்கு நேர் விமானம் கிடையாது. இடையில் ஓர் ஊரில் மாறியாக வேண்டும். மட்ரிட் வரை பறந்து, அங்கிருந்து விரைவு இரயிலில் வருவது இன்னொரு வழி. 2010 டிசம்பரில் தொடங்கிய அந்த இரயில் இரண்டு மணி நேரத்திற்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர மெட்ரோ இரயில் இருக்கிறது. வாடகைக் காருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

அங்கே யூரோ நாணயம் புழங்குகிறது. நேரம் நம்மைவிடக் குளிர்காலத்தில் ஏழு மணியும் கோடையில் ஆறு மணியும் பின்தங்கியிருக்கும். சாப்பாட்டு நேரம்தான் நம்மவரைத் தடுமாற வைக்கும். பகல் சாப்பாடு இரண்டு மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். மாலை ஆறு மணிக்குப் பசித்தால் பல உணவகங்களில் அடுப்பே எரியாது. பையில் கொஞ்சம் பிஸ்கட்டும் பழமும் இருக்கட்டும். வாரநாட்களில் பகலில் 'மெனு தெல் தியா' என்று எழுதியிருக்கும் கடையாகப் பாருங்கள். முதல் உணவு, இரண்டாம் உணவு, பழம் அல்லது காப்பி எல்லாம் சேர்த்து ஒரே விலை. வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடுவது அதுதான். நம் கைக்கும் அடக்கமானது.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஸின் கார்னே, ஸின் பெஸ்காதோ' என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். காய்கறி உணவிலேயே பன்றித் தொடைக்கறித் துண்டுகள் கிடப்பதுண்டு. அதன் பெயர் 'ஹமோன்'. அதுவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

தங்குமிடம் பற்றியும் ஒரு வார்த்தை. குடியிருப்பு வீடுகள் பல பயணிகள் விடுதிகளாக மாறியதால் உள்ளூர் மக்களுக்கு வாடகை ஏறிவிட்டது. அதை எதிர்த்து 2024 அக்டோபரில் அவர்கள் ஊர்வலமே போனார்கள். ஆகவே உரிமம் பெற்ற சிறு ஓட்டலாகப் பார்த்துத் தங்குவது நல்லது. ஒருவர் குடியிருக்க வேண்டிய வீட்டில் நாம் நான்கு நாள் விருந்தாளியாக இருந்தோம் என்ற குறை நமக்கு வேண்டாம்.

இனித் திட்டம். வியாழக்கிழமையை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் மாலை போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை மாலை புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். வியாழன் ஏன் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

புதன்: சந்தையும் ஆற்றுப்படுகையும்

காலையில் நேரே மத்தியச் சந்தைக்குப் போங்கள். 1928இல் திறந்த சந்தை அது. இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளுமாகக் கோயில் மண்டபம் போல் நிற்கும். உள்ளே போனால் மீன், கீரை, பழம், குங்குமப்பூ, அரிசி மூட்டை! பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள். ஞாயிறு விடுமுறை.

சந்தைக்கு எதிரிலேயே பட்டு வணிகர் மண்டபம் இருக்கிறது. 1482இல் கட்டத் தொடங்கியது. 1996இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. முறுக்கிய கயிறு போல் கல்தூண்கள் கூரை வரை எழும்பிப் பனையோலை விரிவது போல் விரியும். அண்ணாந்து பாருங்கள். சுவரைச் சுற்றி லத்தீன் மொழியில் பொன்னெழுத்துகள் ஓடும். வாணிகத்தில் வஞ்சனை செய்யாதவன் செல்வமும் பெறுவான், மறுமையும் பெறுவான் என்பது அதன் கருத்து. கடன் சிட்டையில் எழுதும் கணக்கைப் பார்த்துப் பழகிய நமக்கு, வணிகர்கள் தங்கள் சுவரிலேயே இப்படி எழுதி வைத்தது வியப்பாகத்தான் இருக்கும்.

பிற்பகலில் செர்ரானோஸ் கோட்டை வாயிலுக்கு நடந்து போங்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய இரட்டைக் கோபுரம். அதன் எதிரில் பழைய கல்பாலம் ஒன்று தெரியும். பாலத்தின் நடுவில் நின்று கீழே குனிந்து பார்த்தால் ஆறு இருக்காது, மரங்கள் இருக்கும். பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். பெரியவர்கள் நடைப்பயிற்சி செய்வார்கள்.

ஆறு எங்கே போயிற்று?

1957 அக்டோபர் 14ஆம் தேதி துரியா ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. குறைந்தது 81 பேர் மாண்டார்கள். வீதியெங்கும் சேறு. 'வெள்ளம் இதுவரை வந்தது' என்று குறிக்கும் ஓடுகளைச் சில சுவர்களில் இன்றும் பார்க்கலாம். அதன்பின் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. ஊருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்திற்குப் புதிய தடம் வெட்டி, ஆற்றையே அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1960களில் தொடங்கிய வேலை 1970களின் முற்பகுதியில் முடிந்தது. செலவில் ஒரு பங்கை ஊர்மக்களே சுமந்தார்கள். வலென்சியாவிலிருந்து அனுப்பும் கடிதங்களில் வழக்கமான தலையோடு கால் பெசேத்தா மதிப்புள்ள தனித்தலை ஒன்றையும் ஒட்ட வேண்டும் என்பதை 1963 முதல் கட்டாயமாக்கினார்கள். 1985 வரை அது நீடித்தது. புதிய தடத்திற்காக விளைநிலங்களையும் வீடுகளையும் பறிகொடுத்த உழவர்களும் உண்டு.

இப்போது பழைய படுகை வறண்டு கிடந்தது. அதில் விரைவுச்சாலை போடுவது அரசின் எண்ணம். ஊர்மக்கள் ஒப்பவில்லை. படுகை எங்களுடையது, அது பசுமையாக இருக்க வேண்டும் என்று கிளர்ந்தெழுந்தார்கள். பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி முடியப்போகும் காலம் அது. வாய் திறப்பதற்கே துணிவு வேண்டும். கடைசியில் 1976இல் படுகை நகரத்தின் கைக்கு வந்தது. இன்று ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளத்திற்குப் பூங்காவாக ஊரின் நடுவே ஓடுகிறது. அனுமதிக் கட்டணம் கிடையாது.

பேரப்பிள்ளைகள் உடன் வந்தால், படுகையில் படுத்திருக்கும் கல்லிவர் பொம்மையிடம் அழைத்துப் போங்கள். கதையில் வரும் அந்த மனிதன் கயிற்றில் கட்டுண்டு கிடப்பான். அவன் கை, கால், சட்டை மடிப்பு எல்லாம் பிள்ளைகள் ஏறிச் சறுக்கும் மேடுகள்! கடலை நோக்கி இன்னும் நடந்தால் வெள்ளை வெளேரென்ற கலை, அறிவியல் நகரம் வரும். அவ்வூரில் பிறந்த சாந்தியாகோ கலத்ராவா என்ற கட்டடக் கலைஞர் வரைந்த கட்டடங்களே அங்கே பெரும்பாலும். 1998 முதல் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். உள்ளே போகக் கட்டணம் சற்று அதிகம். வெளியே நின்று தண்ணீரில் விழும் நிழலைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

வியாழன்: வாசற்படியில் ஒரு நீதிமன்றம்

பதினொன்றரை மணிக்கெல்லாம் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலுக்கு வந்துவிடுங்கள். கத்தோலிக்க அன்பர்கள் அதற்கு முன்னரே ஆலயத்தினுள் சென்று, இயேசுநாதர் இறுதி விருந்தில் பயன்படுத்தியதாகப் பக்தர்கள் போற்றும் கிண்ணத்தைத் தரிசித்துவிடலாம். வெளியே சதுக்கத்தில் ஒரு நீரூற்று. நடுவில் சாய்ந்திருக்கும் ஆண் உருவம் துரியா ஆறு. சுற்றிலும் குடத்திலிருந்து நீர் ஊற்றும் எட்டுப் பெண்கள், அந்த ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணி பன்னிரண்டு அடிக்கும். கறுப்புச் சட்டை அணிந்தவர்கள் வாயிலுக்கு முன் வட்டமாகப் போட்ட மர நாற்காலிகளில் வந்து அமர்வார்கள். இவர்கள் சட்டம் படித்த நீதிபதிகள் அல்லர். அந்தந்த வாய்க்காலின் உழவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த உழவர்களே. இதுதான் வலென்சியாவின் தண்ணீர் நீதிமன்றம். ஆயிரம் ஆண்டு வழக்கம் என்பது ஊரார் நம்பிக்கை. 2009இல் யுனெஸ்கோ இதனை மானுட மரபுச் செல்வங்களில் சேர்த்தது.

சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கக் கூவி, அந்த வாய்க்காலில் குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கேட்பார். முறை தவறித் தண்ணீர் திருப்பியவர், வாய்க்காலைத் தூர்வாராதவர், அலட்சியத்தால் அடுத்தவன் வயலை மூழ்கடித்தவர் ஆகியோரே இங்கே வந்து நிற்க வேண்டியவர்கள். வழக்கறிஞர் கிடையாது. வாதியும் பிரதிவாதியும் தாங்களே பேச வேண்டும். எழுத்தில் வாதம் இல்லை, எல்லாம் வாய்மொழிதான். வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். தன் ஆளுக்குச் சாய்ந்துவிட்டார் என்று பேச்சு வரக்கூடாதல்லவா? அங்கேயே தீர்ப்பு, அதற்கு மேல் முறையீடு இல்லை.

பல வாரங்களில் வழக்கே வராது. எட்டுப் பெயரையும் கூவி முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள். சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். இவ்வளவுதானா என்று கூட்டத்தில் சிலர் முணுமுணுப்பார்கள். நீங்கள் முணுமுணுக்க வேண்டாம். வழக்கு இல்லை என்றால் அந்த வாரம் தண்ணீர் ஒழுங்காகப் பாய்ந்தது என்று பொருள். நீதிமன்றம் வெறுமனே கலைவதைவிட அதற்கு வேறென்ன வெற்றி வேண்டும்?

இவர்கள் முறையில் நாம் கவனிக்க வேண்டிய இரண்டு விதிகள் உண்டு. ஆற்றில் நீர் நிறைந்தால் எல்லாருக்கும் நிறைவு, குறைந்தால் எல்லாருக்கும் குறைவு. பங்கின் அளவு மட்டும் மாறாது. இன்னொன்று, தண்ணீர் நிலத்தோடு சேர்ந்தது. நிலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விற்க முடியாது. எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் 1990இல் வெளியிட்ட தம் நூலில் இந்த வலென்சியா உழவர்களை எடுத்துக்காட்டினார். பொதுச் சொத்தைப் பொதுமக்களே கெடாமல் காக்க முடியும் என்பது அவர் ஆய்வின் சாரம். அவருக்கு 2009இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

வியாழன் பொது விடுமுறையாக இருந்தால் மாறுதல் வரலாம். முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

பிற்பகலில் மெட்ரோ ஏறி அருகிலுள்ள அல்போராயா ஊருக்குப் போய், 'ஓர்ச்சாத்தா' என்ற பானத்தைக் குளிரக் குளிரக் குடியுங்கள். பார்ப்பதற்குப் பால் போலிருக்கும். ஆனால் பால் இல்லை. நமக்குத் தெரிந்த கோரைக்கிழங்கின் நெருங்கிய இனமான ஒரு கிழங்கை ஊற வைத்து, அரைத்து, பிழிந்து, சீனி சேர்த்துச் செய்வது. நம் வீட்டில் தேங்காய்ப்பால் பிழிவதும் அப்படித்தானே!

வெள்ளி: ஏரியும் சோறும்

நகரப் பேருந்திலேயே தெற்கே போனால் அல்புஃபேரா ஏரி வரும். 'சிறுகடல்' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு மட்டுமே. ஏரியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். மே மாதத்தில் விதைப்பு, கோடையில் பச்சை, செப்டம்பரில் அறுவடை, குளிர்காலத்தில் வயலில் நீர் கட்டி வைப்பார்கள். அப்போது ஏரி எது, வயல் எது என்று தெரியாது.

அரபியர் காலத்தில் இங்கே நெல்லும் வாய்க்கால் பாசனமும் ஆரஞ்சும் வேரூன்றின. ஸ்பெயின் மொழியில் ஆரஞ்சுக்கு 'நாரஞ்ஹா' என்று பெயர். அரபு, பாரசீகம், வடமொழி வழியாகப் பின்னோக்கிப் போனால், அதன் வேர் நம் நாரத்தை வழங்கும் திராவிடச் சொல் குடும்பத்தில் இருக்கிறது என்பது மொழி ஆய்வாளர் பலரின் கருத்து. நம் சொல் நமக்கு முன்னே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது! ஆனால் வீதியோர ஆரஞ்சு மரங்களில் கை வைக்காதீர்கள். அவை கசப்பு இனம். தின்னும் பழம் சந்தையில் இருக்கிறது.

எல் பல்மார் என்ற ஏரிக்கரைச் சிற்றூரில் இறங்கிப் பகல் சாப்பாட்டிற்குப் 'பயேயா' கேளுங்கள். உலகப் புகழ்பெற்ற இந்தச் சோறு, வயல்காட்டு உழவர்கள் நடுப்பகலில் ஆக்கித் தின்ற சோறுதான். பயேயா என்பது சோற்றின் பெயரே அல்ல. அகன்ற இரும்புத் தட்டுச்சட்டியின் பெயர். ஆரஞ்சு விறகை எரித்து, கோழி, முயல், அவரை வகைகள், தக்காளி, குங்குமப்பூ சேர்த்து அரிசியை வேகவைப்பார்கள். சட்டியின் அடியில் பிடிக்கும் காந்தலுக்குத்தான் அங்கே போட்டி. காந்தல் இல்லாத பயேயாவை ஊர்க்காரர்கள் மதிப்பதில்லை. எல்லாரும் சட்டியைச் சுற்றி அமர்ந்து, தம் தம் பக்கத்திலிருந்து மரக்கரண்டியால் எடுத்துத் தின்பது பழைய முறை. பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து சமைக்க மாட்டார்கள். முன்கூட்டிச் சொல்லி வைப்பதும் நல்லது. இரவில் கேட்காதீர்கள், அது பகல் உணவு.

மாலையில் படகில் ஏரியைச் சுற்றி வரலாம். சூரியன் வயலுக்கு அப்பால் இறங்கும்போது பேச்சு தானாக நின்றுவிடும்.

சனி: மீனவர் வீதியும் அக்கரையும்

கடைசி நாள் காலையில் டிராம் ஏறிக் கடற்கரைக்குப் போங்கள். கடலுக்கு இந்தப் பக்கம் கபன்யால் என்ற பழைய மீனவர் குடியிருப்பு. 1897 வரை அது தனி ஊராகவே இருந்தது. தாழ்ந்த வீடுகள்; பல வீடுகளின் முகப்பில் வண்ண ஓடுகள். காளைகளைப் பூட்டி மீன்பிடிப் படகைக் கரையேற்றிய காட்சியை, இவ்வூரில் 1863இல் பிறந்த ஓவியர் சொரோயா புகழ்பெற்ற ஓவியங்களாக்கினார்.

1998இல் நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அகன்ற வீதி ஒன்றைக் கடல் வரை நீட்டுவதற்காக, இந்தக் குடியிருப்பின் நடுவே ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை இடிப்பது என்று முடிவு. குடியிருந்தவர்கள் சங்கமாகத் திரண்டு எதிர்த்தார்கள். வழக்கு, ஊர்வலம், உண்ணாவிரதம் என்று பதினேழு ஆண்டு இழுபறி. 2015இல் நகராட்சி கைமாறிய பிறகே திட்டத்தைக் கைவிட்டார்கள். இடித்த வீடுகளின் வெற்றுமனைகள் இன்னும் பல்வரிசையில் இடைவெளி போல் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்யும்படி கடிதம் வந்த குடும்பங்களுக்கு அந்த வெற்றுமனைகளின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

புறப்படும் முன் ஒரே ஓர் இடம் பாக்கி. நகரின் தென்கோடியில், புதிய ஆற்றுத் தடத்தின் மேல் ஒரு நடைபாலம் இருக்கிறது. சுற்றுலாப் படங்களில் அதைக் காண முடியாது.

2024 அக்டோபர் 29ஆம் தேதி வலென்சியாவின் மேற்கு மலைப்பக்கத்தில் பேய்மழை கொட்டியது. தூரிஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கும் மேல் பதிவாயிற்று. புதிய தடம் தாங்கியதால் நகரின் நடுப்பகுதி தப்பியது. ஆனால் தடத்திற்குத் தெற்கே வேறொரு காட்டோடை பொங்கிப் பைபோர்த்தா, கத்தரோஹா முதலிய தொழிலாளர் ஊர்களை மூழ்கடித்தது. அங்கே பல இடங்களில் அன்று மழையே பெரிதாகப் பெய்யவில்லை. தண்ணீர் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கைப்பேசியில் அபாய அறிவிப்பு வந்தபோது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. அதற்குள் பல வீதிகள் நீரில் மூழ்கிவிட்டன. அந்த மாநிலத்தில் 220 பேருக்கு மேல் மாண்டார்கள். காரைக் காப்பாற்ற நிலவறைக்கு இறங்கியவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் அபாய அறிவிப்பு வந்தால் அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். சிவப்பு எச்சரிக்கை என்றால் அறையிலேயே, மேல்மாடியிலேயே இருங்கள்.

வெள்ளத்திற்கு அடுத்த நாட்களில் அந்த நடைபாலத்தின் வழியே ஆயிரக்கணக்கான பேர் நகரிலிருந்து அக்கரைக்கு நடந்து போனார்கள். தோளில் மண்வெட்டி, கையில் துடைப்பம், முதுகில் குடிநீரும் ரொட்டியும். பெரும்பாலோர் இளைஞர்கள். யாரும் அழைக்காமலே போனவர்கள். அந்தப் பாலத்தை மக்கள் ஒற்றுமைப் பாலம் என்று அழைக்கிறார்கள்.

அக்கரை ஊர்களுக்கு வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம். துக்கம் நடந்த வீடுகள் அவை. பாலத்தின் மேல் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கீழே பெரும்பாலான நாட்களில் தண்ணீர் அதிகம் ஓடாது. வெறும் தடம்தான். ஓர் ஆற்றைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் ஓர் ஊர் தப்பும், இன்னோர் ஊருக்கு ஆபத்து தீராது என்பதை அந்தத் தடம் சொல்லும். தப்பியவன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும் என்பதைப் பாலம் சொல்லும்.

பிறகு ஓட்டலுக்குத் திரும்பிப் பெட்டியைக் கட்டுங்கள். ஒரு கிலோ வலென்சியா அரிசிக்குப் பெட்டியில் இடம் விட்டு வைத்தீர்களா? சீல் வைத்த பொட்டலமாக வாங்கி, நம் நாட்டுச் சுங்க விதியையும் முன்னதாகவே விசாரித்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் எல்லாரும் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகலச் சட்டி ஒன்றில் அதை ஆக்கி நடுவில் வையுங்கள். எந்தக் கோபுரம் எந்த ஊரில் என்று பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். எட்டு வாய்க்காலின் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள்.